ராமநாதபுரம் கடற்கரையில் எரிவாயுக் குழாயும் ஊர் மின்சாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில், தரைக்கு அடியில் எரிவாயுக் குழாயும் கூரைக்கு மேலே சூரிய மின்தகடும் ஒரே காலத்தில் வந்துகொண்டிருக்கின்றன. இவை எங்கே ஒன்றையொன்று தாங்குகின்றன, எங்கே ஒன்றுக்கொன்று இடையூறாகின்றன என்பதை, மீனவர் கூட்டுறவுச் சங்கத்தினரும் மகளிர் குழுவினரும் ஊராட்சி உறுப்பினர்களும் எழுப்பக்கூடிய கேள்விகளை முன்வைத்து இங்கே விளக்க முயல்கிறோம்.

எரிவாயு வலையமைப்பு, ஊர் எரிசக்தி அமைப்பு என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

எரிவாயுக் கிணற்றிலிருந்தோ, கப்பலில் வரும் திரவ எரிவாயுவை இறக்கும் முனையத்திலிருந்தோ புறப்பட்டு, உயர் அழுத்த எஃகுக் குழாய்கள், அழுத்தம் குறைக்கும் நிலையங்கள், தெருவோர பிளாஸ்டிக் குழாய்கள் வழியாக மின் நிலையம், தொழிற்சாலை, வாகனங்களுக்கு அழுத்திய எரிவாயு (சிஎன்ஜி) நிரப்பும் நிலையம், வீட்டு அடுப்பு ஆகியவற்றை அடையும் முழுத் தொடரையும் எரிவாயு வலையமைப்பு என்கிறோம். ஊர் எரிசக்தி அமைப்பு என்பது ஓர் ஊரோ சங்கமோ தானே சொந்தமாக வைத்துக்கொண்டு, தானே முடிவெடுத்து நடத்துவது: பள்ளிக் கூரையில் உள்ள சூரிய மின்சாரம், சங்கத்தின் பேட்டரி, சாண எரிவாயுக் கலன், பொதுக் குளிர்பதன அறை போன்றவை. அளவை விட உரிமையே இங்கு அடையாளம். கமுதியில் 2016-ஆம் ஆண்டு முதல் இயங்கும் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதில் உற்பத்தியாகும் மின்சாரம் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையம் வழியாக மாநில மின்தொகுப்புக்குப் போகிறது. அதை ஊர் எரிசக்தி அமைப்பு என்று சொல்ல முடியாது.

நம் மண்ணில் எடுக்கும் எரிவாயு எங்கே போகிறது?

காவிரிப் படுகையின் தென்பகுதியான ராமநாதபுரம் உட்படுகையில் ஒன்றிய அரசின் ஓஎன்ஜிசி நிறுவனம் நெடுங்காலமாக எரிவாயு எடுத்து வருகிறது. இந்த வாயு வெகுநாள் இந்த வட்டாரத்தை விட்டு வெளியே போக வழியில்லாமல் இருந்தது. இங்கிருந்த குழாய்ப் பின்னல் நாட்டின் பெரிய எரிவாயுக் குழாய்களோடு இணையாமல் தனித்து நின்றதால், கிணற்றுக்கு அருகிலேயே அதை எரித்து மின்சாரமாக்குவதுதான் இயல்பான வழியாக இருந்தது. வழுதூர் எரிவாயுச் சுழலி மின் நிலையம் அப்படித்தான் பிறந்தது. அதன் முதல் நிலை 95 மெகாவாட், இரண்டாம் நிலை 92.2 மெகாவாட், ஆக மொத்தம் 187.2 மெகாவாட் திறன் கொண்டது.

2021 பிப்ரவரி 17 அன்று ராமநாதபுரம்–தூத்துக்குடி இடையிலான 143 கிலோமீட்டர் குழாய் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டபோது இந்த நிலை மாறியது. எண்ணூரிலிருந்து மதுரை வழியாகத் தூத்துக்குடி வரை இந்தியன் ஆயில் நிறுவனம் அமைத்துவரும் பெருந்திட்டத்தின் ஒரு பகுதி அது. இப்போது இங்கு எடுக்கும் வாயுவுக்கு வழுதூர் மட்டுமே வாடிக்கையாளர் அன்று. தூத்துக்குடியின் உர ஆலையும் பிற தொழிற்சாலைகளும் வாங்க முடியும். அத்துடன் நகர எரிவாயு விநியோக உரிமம் வழங்கப்பட்ட பின், வீட்டு அடுப்பும் சிஎன்ஜி வாகனமும் போட்டியில் சேர்ந்துகொண்டன. ஒன்றிய அரசின் ஒதுக்கீட்டு விதிகள் உள்நாட்டு வாயுவில் இந்த இரண்டுக்கும் முன்னுரிமை தருகின்றன. ஆகவே 'வாயு நம் காலடியில் இருக்கிறது, மின்சாரத்துக்குக் குறைவிராது' என்று ஊரில் நிலவும் நம்பிக்கை, குழாய் இணைந்த பிறகு பழைய அளவுக்குப் பொருந்தாது. கிணறுகளின் அழுத்தமும் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வருவதுதான் இயற்கை.

ஊர்களில் சூரிய மின்சாரம் பெருகினால் எரிவாயு மின் நிலையம் தேவைப்படாமல் போகுமா?

போகாது, ஆனால் அதன் வேலை மாறும். நம் பகுதியில் 1 கிலோவாட் சூரியத் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தருகிறது. அதில் பெரும்பகுதி காலை 9 மணிக்கும் பிற்பகல் 4 மணிக்கும் இடையில் கிடைத்துவிடும். வீடுகளில் விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி, குளிர்சாதனம் எல்லாம் ஒருசேர ஓடுவதோ மாலை 6 மணிக்குப் பிறகு. பகலில் தொகுப்புக்குத் தேவைப்படாத மின் நிலையம், பொழுது சாய்ந்த ஓரிரு மணி நேரத்துக்குள் முழு வேகத்தில் ஓட வேண்டியதாகிறது. இதில் மூன்று விளைவுகள் உண்டு, மூன்றும் நம் கட்டணத்தைத் தொடுபவை.

முதலாவது இயந்திரம் சார்ந்தது. வழுதூர் நிலையம் இணைச்சுழற்சி முறையில் இயங்குவது. எரிவாயுச் சுழலியிலிருந்து வெளியேறும் சூட்டைக் கொண்டு நீராவி உண்டாக்கி இரண்டாம் சுழலியையும் ஓட்டுகிறார்கள். இந்த ஏற்பாடு தொடர்ந்து ஓடும்போதுதான் எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தும். நாள்தோறும் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் நீராவிப் பகுதி சூடேறும் வரை சிக்கனம் குறையும், உலோகமும் தேயும்.

இரண்டாவது குழாய் சார்ந்தது. குழாய்க்குள் அடைபட்டிருக்கும் வாயுவே ஒரு சேமிப்புதான். பகலில் எடுப்பவர் குறைந்தால் அழுத்தம் ஏறும், மாலையில் மின் நிலையம் ஒரே மூச்சில் இழுத்தால் இறங்கும். நீளமான, அகலமான குழாயில் இந்த ஏற்ற இறக்கம் பெரிதாகத் தெரியாது. குட்டையான வட்டாரக் குழாயில் தெரியும். எரிவாயுக் கிணற்றையோ ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைப் போல நினைத்தவுடன் மூடித் திறப்பது நிலத்தடி அடுக்குக்கு நல்லதன்று.

மூன்றாவது பணம் சார்ந்தது. குறைந்த மணி நேரம் ஓடினாலும் நிலையத்தின் முதலீட்டுக் கடனும் சம்பளமும் பராமரிப்பும் குறைவதில்லை. அந்தச் செலவு குறைந்த யூனிட்டுகளின் மேல் ஏறுவதால், மாலை நேர யூனிட் ஒன்றின் விலை கூடுகிறது. இதைச் சூரிய மின்சாரத்தின் குற்றமாகக் காட்டுவோர் உண்டு. அது நேர்மையான கணக்கு என்று நான் கருதவில்லை. பகலில் எரிக்காமல் மிச்சமான வாயுவின் மதிப்பையும் அதே ஏட்டில் வரவு வைக்க வேண்டும்.

மாலை நேரத்தை எரிவாயு பார்த்துக்கொள்ளும் என்றால் ஊருக்குப் பேட்டரி எதற்கு?

பேட்டரிக்கு முன்னால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: எந்த வேலையைப் பகலுக்கு நகர்த்த முடியும் என்பது. இந்தக் கடற்கரையில் அதற்கு மிகச் சிறந்த இடம் ஐஸ் கம்பெனி. ராமேசுவரம், மண்டபம், பாம்பன், தொண்டி என விசைப்படகு கிளம்பும் ஊர்களில் எல்லாம் ஐஸ் பார் உற்பத்தி பெரும் மின்சாரத்தை விழுங்குகிறது. ஐஸ் பாரைப் பகலில் உறையவைத்து, வெப்பம் புகாதபடி காப்பிட்ட அறையில் அடுக்கிவைத்தால், படகு எந்த நேரத்தில் கிளம்பினாலும் கொடுக்கலாம். உறைந்த நீர் என்பது சேமித்த மின்சாரம். கருவாடு உலர்த்தும் கூடம், குடிநீர் ஏற்றும் மோட்டார், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஆகியவையும் இவ்வாறு பகலுக்கு நகரக்கூடியவை. இவற்றை நகர்த்திய பிறகு எஞ்சும் மாலைத் தேவைக்கு மட்டும் பேட்டரி வாங்கினால் போதும். முதலிலேயே பேட்டரி வாங்கும் சங்கம் தேவைக்கு மீறிய அளவில் வாங்கிவிடும்.

ஊர் தன் மாலைத் தேவையை எந்த அளவு குறைக்கிறதோ அந்த அளவு வழுதூர் போன்ற நிலையங்கள் மாலையில் இழுக்கும் வாயுவும், அதனால் குழாயில் ஏற்படும் அழுத்த வீழ்ச்சியும் குறையும். ஐஸ் கம்பெனியின் இயங்கும் நேரத்தை மாற்றுவது எரிவாயு வலையமைப்புக்கும் செய்யும் உதவிதான். இந்த உதவிக்கு இன்று எவரும் ஊருக்குப் பணம் தருவதில்லை. தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

புயல் காலத்தில் எது கைகொடுக்கும்?

2018-இல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. புதைந்து கிடக்கும் குழாயைக் காற்று தொடாது; வீட்டு அடுப்புக்கு வரும் குறைந்த அழுத்த வாயுவுக்கு மின்சாரமும் தேவையில்லை. இந்த வகையில் குழாய் எரிவாயு வலுவானது. ஆனால் சிஎன்ஜி நிலையத்தில் வாயுவை அழுத்தி நிரப்பும் கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுவது. குழாயைக் கண்காணிக்கும் கருவிகளும் அவ்வாறே. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கடுங்குளிர் தாக்கியபோது, மின்சாரம் துண்டிக்கப்பட்டதால் எரிவாயுக் கிணறுகளும் கம்ப்ரசர்களும் நின்றன. வாயு வராததால் மின் நிலையங்கள் நின்றன. ஒன்றின் விழுகை மற்றொன்றை இழுத்துச் சாய்த்தது. நமக்குக் குளிர் இல்லை, புயல் உண்டு. சங்கிலி ஒன்றேதான்.

கூரையில் சூரியத் தகடு இருக்கிறது, புயலிலும் விளக்கு எரியும் என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தகட்டின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றித் தரும், மின்வாரிய இணைப்போடு சேர்ந்த சாதாரண இன்வெர்ட்டர், வாரியத்தின் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியைச் சீர்செய்யும் ஊழியர் மின்சாரம் தாக்கி இறக்காமல் இருப்பதற்கான பாதுகாப்பு அது. தனித்து இயங்க வேண்டுமானால் பேட்டரியும், வாரியக் கம்பியிலிருந்து துண்டித்துக்கொள்ளும் வசதி கொண்ட இன்வெர்ட்டரும் வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் இது இயலாது. புயல் பாதுகாப்பு மையம், ஆரம்ப சுகாதார நிலையம், மீனவர்க்கு எச்சரிக்கை தரும் கம்பியில்லாத் தொடர்பு அறை ஆகிய மூன்றிலாவது இருந்தே ஆக வேண்டும். அவற்றின் அடுப்புக்குக் குழாய் எரிவாயுவோ சிலிண்டரோ, விளக்குக்குச் சூரிய மின்சாரம் என்று பிரித்துவைப்பது நல்ல ஏற்பாடு.

சமையலுக்குக் குழாய் எரிவாயு நல்லதா, இண்டக்ஷன் அடுப்பு நல்லதா?

எந்த நேரத்தில் சமைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 180 யூனிட்டுக்கு இணையான வெப்பம் இருக்கிறது. எரிவாயு அடுப்பில் அதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகவும், இண்டக்ஷன் அடுப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேலும் பாத்திரத்தைச் சேர்கிறது. ஆகவே மாதம் ஒரு சிலிண்டர் செலவாகும் குடும்பம் முழுவதும் இண்டக்ஷனுக்கு மாறினால் மாதம் 140 யூனிட் அளவுக்கு மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். இரண்டு மாதக் கணக்கில் 280 யூனிட் என்பதால், இலவச 100 யூனிட்டைத் தாண்டி மேல் அடுக்குக் கட்டணத்தில் போய் நிற்க வாய்ப்புண்டு.

பகல் சமையலைக் கூரைச் சூரிய மின்சாரத்தில் செய்வது எல்லா வகையிலும் நன்று. மாலைச் சமையலைப் பார்ப்போம். அந்த நேரத்தில் தொகுப்பில் கூடுதலாகச் சேரும் மின்சாரம் எரிவாயு நிலையத்திலிருந்து வருவதாக வைத்துக்கொண்டால், வாயுவின் வெப்பத்தில் பாதிக்கும் குறைவே மின்சாரமாகிறது. கம்பியில் சிறிது இழந்து, அடுப்பிலும் சிறிது இழந்த பின், மூன்றில் ஒரு பங்குதான் சோற்றுப்பானைக்கு வந்து சேரும். அதே வாயுவைக் குழாயில் கொண்டுவந்து நேரடியாக எரித்தால் ஏறக்குறைய இரு மடங்கு பயன் கிடைக்கும். ஆகவே இரண்டு அடுப்பையும் வைத்திருக்கும் வீடு தவறு செய்யவில்லை.

சிலிண்டரிலிருந்து குழாய்க்கு மாறும்போது அடுப்பில் வாயு வெளிவரும் துளையான ஜெட் மாற்றப்பட வேண்டும். குழாயில் வரும் வாயு காற்றை விட எடை குறைந்தது, கசிந்தால் மேலே எழும். சிலிண்டர் வாயு எடை மிகுந்தது, தரையில் தேங்கும். சன்னலை மேற்புறம் திறந்துவைப்பது குழாய் எரிவாயு வீட்டுக்கு இன்றியமையாதது.

பாதி வீடுகள் மின்சார அடுப்புக்குப் போய்விட்டால் மீதி வீடுகளுக்கு என்ன ஆகும்?

குழாயைப் பதித்த செலவு, வாயு ஓடினாலும் ஓடாவிட்டாலும் இருக்கவே செய்யும். பயன்படுத்துவோர் குறைந்தால் எஞ்சியவர்களின் கட்டணம் கூடும். கூடினால் இன்னும் சிலர் விலகுவர். கடைசியாக நிற்பவர்கள் பெரும்பாலும் வாடகை வீட்டுக்காரர்களும், சூரியத் தகடு வைக்கக் கூரையில்லாத குடும்பங்களுமாக இருப்பார்கள். வீடுகள் நெருங்கியிருக்கும் ராமநாதபுரம் நகரம், கீழக்கரை போன்ற இடங்களில் இந்த ஆபத்து குறைவு. வீடுகள் சிதறியிருக்கும் கடலோரக் குடியிருப்புகளில் அதிகம். குழாய் பதிக்கும் முன்பே தெருத் தெருவாகக் கணக்கெடுப்பது இதனால்தான் முக்கியமாகிறது.

மீன் கழிவிலிருந்து எரிவாயு எடுத்துக் குழாயில் விட முடியுமா?

தொழில்நுட்பத்தில் முடியும். சாணம், உணவுக் கழிவு, மீன் கழிவு ஆகியவை காற்றில்லாமல் மட்கும்போது வரும் வாயுவில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை மீத்தேன். கரியமில வாயுவையும் கந்தக வாயுவையும் நீக்கி மீத்தேனை 90 விழுக்காட்டுக்கு மேல் கொண்டுவந்தால் அது குழாய் வாயுவோடு கலக்கும் தகுதி பெறும். இத்தகைய உயிரி வாயு உற்பத்தியை ஊக்குவிக்க ஒன்றிய அரசு 2018-இல் 'சதத்' திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் நகர எரிவாயு நிறுவனங்கள் தாம் விற்கும் சிஎன்ஜியிலும் வீட்டு எரிவாயுவிலும் உயிரி வாயுவை 2025-26-இல் 1 விழுக்காடு, 2026-27-இல் 3, 2027-28-இல் 4, 2028-29 முதல் 5 விழுக்காடு கலக்க வேண்டும் என்று விதித்தது. இந்த விதியால் கழிவுக்கு விலை கிடைக்கத் தொடங்கும். டென்மார்க்கில் குழாய் வாயுவில் ஏறத்தாழ 40 விழுக்காடு இன்று உயிரி வாயுதான்.

ஆனாலும் மீன் கழிவை மட்டும் போட்டால் கலன் கெட்டுவிடும். அதில் நைட்ரஜன் மிகுதி, அம்மோனியா பெருகி நுண்ணுயிரைக் கொல்லும். கடல் உப்பும் அவ்வாறே. சாணத்தையும் காய்கறிக் கழிவையும், ராமேசுவரம் போன்ற யாத்திரைத் தலங்களில் மிஞ்சும் உணவையும் சேர்த்தால்தான் சமநிலை வரும். தூய்மைப்படுத்தும் இயந்திரத்தின் விலையைப் பார்த்தால், நாளுக்குச் சில டன் வாயு தரும் ஆலைக்கே குழாயில் விடுவது கட்டுப்படியாகும். ஓர் ஊராட்சி அளவுக்கு, சுத்திகரிக்காமலே பள்ளிக் காலை உணவுக் கூடத்திலும் அன்னதானக் கூடத்திலும் எரிப்பதுதான் அறிவார்ந்த வழி. கிடைக்கும் சகதி தென்னைக்கு உரமாகும், உப்பின் அளவைச் சோதித்த பிறகு.

சீமைக்கருவேலத்திலிருந்து?

மரத்தைக் குறைந்த காற்றில் எரித்து வாயுவாக்கலாம். அந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடு மிகுந்திருப்பதாலும், வெப்பத்திறன் இயற்கை வாயுவில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான் என்பதாலும், அதைக் குழாயில் விடவே கூடாது. அங்கேயே எரித்து, பதநீர் காய்ச்சுவது போன்ற வெப்ப வேலைக்குப் பயன்படுத்தலாம். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கம் ஏராளம். விறகின் விலையை மாற்றும் எந்தத் திட்டமும் அவர்களைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

ஹைட்ரஜனைக் குழாயில் கலப்பது பற்றி?

2022 ஜனவரியில் இந்தூரில் கெயில் நிறுவனமும், 2023-இல் சூரத் அருகே காவாஸ் குடியிருப்பில் என்டிபிசி நிறுவனமும் சிறு அளவில் கலந்து காட்டியுள்ளன. ஒரு கன மீட்டர் ஹைட்ரஜனில் இயற்கை வாயுவின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கே உண்டு. கன அளவில் 20 விழுக்காடு கலந்தாலும் கரியமில வாயு 7 விழுக்காடு அளவுக்கே குறையும். உபரிச் சூரிய மின்சாரத்தை ஐஸாகச் சேமிக்க முடிகிற கடற்கரையில், அதைக் கொண்டு நீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து அடுப்பில் எரிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஊரே நடத்தும் எரிசக்தி எங்காவது நிலைத்திருக்கிறதா?

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைக் கடன் பெற்று வாங்கி, தன் தேவை போக மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றது. செருமனியின் யூண்டே கிராமம் 2005 முதல் சாண எரிவாயுவைக் கொண்டு மின்சாரமும், அதன் கழிவு வெப்பத்தைக் கொண்டு வீடுகளுக்குச் சூடும் தந்தது. நம் வீடுகளுக்குச் சூடு தேவையில்லை. ஆனால் இயந்திரத்தின் கழிவு வெப்பத்தைக் கொண்டு அம்மோனியா–நீர் உறிஞ்சு முறையில் குளிரூட்ட முடியும் என்பதால், மீன் இறங்குதளங்களுக்கு அந்தக் கருத்தை எடுத்துக்கொள்ளலாம். கூரைச் சூரிய மின்சாரத்துக்கான ஒன்றிய அரசின் 'பிஎம் சூர்யா கர்' திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு முன்மாதிரி சூரிய கிராமத்துக்கு 1 கோடி ரூபாய் ஒதுக்கீடு உண்டு. வீட்டுக்கு 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல் அமைத்தால் 78,000 ரூபாய் மானியம்.

இவற்றையெல்லாம் சேர்த்துத் திட்டமிடுவது யார்?

இன்றைக்கு ஒருவருமில்லை, இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே அதுதான். எரிவாயுக் குழாயையும் நகர விநியோக உரிமத்தையும் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி டெல்லியில் உள்ள பெட்ரோலிய, இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் பார்க்கிறது. மின் கட்டணத்தையும் கூரைச் சூரிய மின்சாரத்துக்கான விதிகளையும் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி சென்னையில் உள்ள தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்கிறது. குழாய் நிறுவனம் எத்தனை வீடு இணையும் என்று கணக்கிடும்போது, அதே தெருவில் எத்தனை வீடு இண்டக்ஷனுக்கு மாறும் என்பதை எண்ணுவதில்லை. மின்வாரியம் மின்மாற்றியின் திறனை முடிவு செய்யும்போது, குழாய் வருமா என்று கேட்பதில்லை. இரண்டு கணக்கிலும் ஒரே குடும்பம் இரண்டு முறை எண்ணப்படுகிறது, அல்லது ஒரு முறையும் எண்ணப்படுவதில்லை.

எரிவாயுக் கிணறுகளை எதிர்ப்பவர்கள் ஊர் எரிசக்தியை ஆதரிக்கலாமா?

தாராளமாக. 2020-ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளிலிருந்து காவிரி டெல்டா மாவட்டங்களைக் காக்கிறது. ராமநாதபுரம் அதில் இல்லை. 2025-இல் இம்மாவட்டத்தில் ஆய்வுக் கிணறுகள் தோண்ட வழங்கப்பட்ட சுற்றுச்சூழல் அனுமதிக்கு எழுந்த எதிர்ப்பும், அதைத் திரும்பப் பெறுமாறு மாநில அரசு சொன்னதும் இந்தப் பின்னணியில் பார்க்கப்பட வேண்டியவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறையும் கடற்புல்லும் நம் மீன்வளத்தின் தாய்மடி. எரியாமல் கசியும் மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவை விட 28 மடங்கு அளவுக்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஏற்கெனவே ஓடும் கிணற்றின் வாயுவைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதும், புதுக் கிணறு வேண்டாம் என்பதும் ஒன்றோடொன்று முரண்படாத நிலைப்பாடுகள். மாலைத் தேவையைக் குறைத்துக் காட்டும் ஒவ்வோர் ஊரும் புதிய கிணற்றுக்கான வாதத்தைப் பலவீனமாக்குகிறது.

கிராம சபையில் எதைக் கேட்கலாம்?

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. தெருவைத் தோண்ட வரும் குழாய் நிறுவனத்திடம், எந்தெந்தத் தெருவில் எந்த ஆண்டு இணைப்பு வரும் என்ற வரைபடத்தை எழுத்துவடிவில் கேளுங்கள். மின்வாரியத்திடம், ஊரின் ஒவ்வொரு மின்மாற்றியிலும் இன்னும் எத்தனை கிலோவாட் கூரை மின்சாரத்துக்கு இடமிருக்கிறது என்று கேளுங்கள். இரண்டு தாள்களையும் ஒரே மேசையில் விரித்து, பள்ளி, ஐஸ் கம்பெனி, சுகாதார நிலையம், புயல் மையம் ஆகிய நான்கு கட்டடங்களையும் அவற்றில் குறித்துத் தீர்மானமாக நிறைவேற்றி, மாவட்ட ஆட்சியருக்கும் இரு நிறுவனங்களுக்கும் ஒரே கடிதமாக அனுப்புங்கள்.